'பிடிக்கல' என்று சொல்ல எவ்வளவு காலம் ஆச்சு?

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குகிற எல்லோரையும் முதல் மாதத்திலேயே மடக்கிப்போடுகிற ஒரு வாக்கியம் இருக்கிறது: 'மே குஸ்தா எல் தே'. 'எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும்' என்று அர்த்தம். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள். 'ஐ லைக் டீ' என்று சொல்லும்போது நான் எழுவாய், தேத்தண்ணி செயப்படுபொருள். ஸ்பானிஷில் இது தலைகீழாகிவிடும். தேத்தண்ணி எழுவாய் இடத்துக்கு வந்துவிடும், நான் வெறும் 'எனக்கு' ஆகிவிடுவேன். இதைப் புரியவைக்கப் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதும்.

தலவாக்கலைப் பக்கம் இருக்கிற என் நண்பன் ஒருத்தன் சுற்றுலா வழிகாட்டி வேலைக்குப் போகவேண்டும் என்று போனிலேயே ஸ்பானிஷ் படிக்கிறான். அவனுக்கு இந்தப் பாடம் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "இதுல என்னடா கஷ்டம்? மே-ன்னா எனக்கு, குஸ்தா-ன்னா பிடிக்கும். நம்ம பேசுறதுதானே!" என்றான். அவன் சொன்னது சரி. பள்ளிக்கூடத்தில் 'கு' உருபு, நான்காம் வேற்றுமை என்று மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். எனக்குப் பிடிக்கும், உனக்குப் பிடிக்கும், அவளுக்குப் பிடிக்கும் என்பது ஸ்பானிஷில் மே குஸ்தா, தே குஸ்தா, லே குஸ்தா. வேண்டாம் என்றால் முன்னால் ஒரு 'நோ' போட்டால் போதும்: நோ மே குஸ்தா, எனக்குப் பிடிக்காது. அழுத்திச் சொல்லவேண்டும் என்றால் 'ஆ மீ' சேர்த்து 'ஆ மீ நோ மே குஸ்தா' என்பார்கள். நாம் 'எனக்கு' என்பதை இழுத்துச் சொல்லுவோமே, அந்த மாதிரி. ஆங்கிலமும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசியது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'ஒருவருக்கு இன்பம் தருதல்' என்றுதான் பொருள். பிறகுதான் 'நான்' முன்னுக்கு வந்து உட்கார்ந்தது.

வித்தியாசங்களும் இருக்கின்றன. ஸ்பானிஷில் பிடித்த பொருள் பலவாக இருந்தால் வினை மாறும், 'குஸ்தா' என்பது 'குஸ்தான்' ஆகும். நமக்கு ஒன்றோ நூறோ 'பிடிக்கும்' மட்டும்தான். ஒரு மனுசரைப் பற்றிச் சொல்லும்போது நாம் 'உன்னைப் பிடிக்கும்' என்று ஐ உருபு போடுவோம். ஸ்பானிஷில் 'மே குஸ்தாஸ்' என்றால் அந்த 'நீ' வினைக்குள்ளேயே போய்விடும். அதில் காதல் வாடையும் வரும் என்பதால் யாரிடமும் சும்மா சொல்லிவிடக்கூடாது. எதிர்மறையில் நம்மிடம்தான் வசதி அதிகம். 'பிடிக்காது' என்றால் எப்போதும் பிடிக்காது. 'பிடிக்கல' என்றால் இப்போது, இந்த விஷயத்தில், நடந்ததைப் பார்த்தபிறகு பிடிக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது சொல்லைப் பற்றியது.

ஒரே அமைப்பு இருந்தாலும் ரெண்டு மொழியும் எடுத்துக்கொண்ட வேர்ச்சொல் வேறு. 'குஸ்தார்' என்பதற்கு முதல் அர்த்தம் ருசி பார்ப்பது, லத்தீனிலிருந்து வந்தது. ஸ்பானிஷ்காரர் விருப்பத்தை நாக்கிலிருந்து எடுத்தார்கள். நாம் கையிலிருந்து எடுத்தோம். பிடி என்றால் பற்று, இறுக்கு, விடாதே. மலையகத்தின் 200 வருடக் கதையை இந்த ஒரு வினைச்சொல்லை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அங்கே பிடித்தது பலபேர். 'எனக்குப் பிடிக்குமா' என்று கேட்கப்பட்டவர்கள்தான் இல்லை.

ஆள் பிடித்தது

கோப்பிக் காலத்தில் தொடங்குகிறது இது. 1820கள், 30களிலிருந்து மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலை ஏறினார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு ரெண்டு வருஷம் முந்தி, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஆள் தேவை கூடியது.

ஊரில் போய் ஆட்களைச் சேர்த்து வந்தது கங்காணி. இதற்கு ஊர்ப்பேச்சில் 'ஆள் கட்டுறது', 'ஆள் பிடிக்கிறது' என்றுதான் பெயர். முற்பணம் கொடுத்து, வரும் செலவைக் கணக்கில் எழுதி, கடனோடு சேர்த்தே ஆளை இறக்குவார்கள். தேயிலைத் தூருக்கடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிவந்த கதையை இன்றைக்கும் லயத்தில் பாட்டிமார் சொல்லுவாங்க. அதை வெறும் ஏமாற்றுக் கதையாகச் சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் பாருங்கள், ஒருத்தரை ஏமாற்றக்கூட அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும். தேங்காயும் மாசியும் என்றால் வயிறு நிறைய ஒரு சாப்பாடு. அந்தக் காலத்து வறட்சியில் அந்த மக்களின் ஆசை அவ்வளவுதான் இருந்தது. அவர்களுடைய விருப்பம் கணக்கில் எடுக்கப்பட்ட ஒரே தடவை அதுதான்: பிடிக்க உதவும் தூண்டிலாக.

வந்தபிறகு பிடிக்கவில்லை என்றால்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்குப் பதில் வைத்திருந்தது. முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது குற்றம், சிறைக்கு அனுப்பலாம். முன்னறிவித்தல் கொடுத்தாலும் கடன் இருக்கிறது. அங்கேதான் 'துண்டு' வந்தது. இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் விட்டுவிடுகிறேன் என்று தொரை எழுதிக் கொடுக்கும் ஒரு காகிதம். அடுத்த தோட்டத்துத் தொரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் தீராது, கைமாறும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தோட்டம் பிடிக்காமல் போனால் அதைச் சொல்லும் உரிமை அந்தக் குடும்பத்திடம் இல்லை, அந்தத் துண்டில் இருந்தது. துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தவேண்டியிருந்தது.

சம்பளத்தில் பிடித்தது

'பிடி'க்கு இன்னொரு பொருளும் தோட்டத்தில் உண்டு. சம்பள நாளில் யாரையாவது கேட்டுப்பாருங்கள். "அதுக்குப் பிடிச்சிட்டாங்க, இதுக்குப் பிடிச்சிட்டாங்க" என்பார்கள். அந்தக் காலத்தில் அரிசிக்கும் கம்பளிக்கும் கங்காணி கடனுக்கும் பிடித்தார்கள். இப்போது முற்பணத்துக்கும் சந்தாவுக்கும் கோயிலுக்கும் பிடிக்கிறார்கள். குறித்த கிலோ கொழுந்து வரவில்லை என்றால் அரைப்பேர். பேரையே பாதியாக வெட்டுகிற ஒரு சொல் வேறெந்த வேலையிலாவது இருக்கிறதா தெரியாது.

தொரைமார் எப்படித் தமிழ் படித்தார்கள் என்பதும் இங்கே முக்கியம். புதிதாக வரும் சின்னத்தொரைகளுக்கென்று கொழும்பில் தமிழ்க் கைநூல்கள் அச்சானது. ஒன்றின் பெயர் 'இங்கே வா'. தலைப்பே ஒரு கட்டளை. இன்னொன்று டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் 1915இல் வெளியிட்டது, அதன் பெயர் 'கூலித் தமிழ்'. ஒரு மொழியைப் படிக்க வருகிறவர் முதலில் எதைப் படிக்கிறார் என்பதை வைத்தே அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். என் நண்பனின் போன் முதல் வாரத்திலேயே 'உனக்கு என்ன பிடிக்கும்' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது. வருகிற விருந்தாளியிடம் பேசப்போகிறவனுக்கு அதுதான் தேவை. பெரட்டுக்களத்தில் நிற்கிறவருக்கு 'இங்கே வா' போதும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான இந்த வாழ்க்கையை எழுதிய மானிடவியலாளர் ஈ. வலன்டைன் டானியல், இந்தத் தோட்டப் பேச்சையே தனியாக ஆராய்ந்திருக்கிறார். ஏவல் வினைக்கு எழுவாயும் தேவையில்லை, 'உனக்கு' என்ற நான்காம் வேற்றுமையும் தேவையில்லை.

அதற்காக 'பிடிக்கும்' என்ற சொல் தோட்டத்தில் புழங்கவே இல்லை என்று அர்த்தமில்லை. தொரைக்குப் பிடிக்கல என்றால் பத்துச்சீட்டு. கணக்கப்பிள்ளைக்குப் பிடிக்கல என்றால் மோசமான மலையில் நிரை. கங்காணிக்குப் பிடித்தால் ஒரு கதை, பிடிக்காவிட்டால் வேறொரு கதை, பெண்களுக்கு ரெண்டுமே ஆபத்து. ஒரே இலக்கணம்தான், ஆனால் 'கு' ஒட்டிக்கொண்ட பெயர்கள் மட்டும் குறிப்பிட்ட சிலருடையவை. மற்றவர்கள் தங்கள் வெறுப்பைப் பாட்டுக்குள் வைத்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் புரட்டினால் கங்காணியையும் கணக்கையும் கேலி பண்ணி, ஏசி, சபித்து, தாலாட்டுக்குள்ளும் ஒப்பாரிக்குள்ளும் ஒளித்துவைத்த எத்தனையோ 'பிடிக்கல' கிடைக்கும். நேராகச் சொன்னால் பிடிப்பார்கள், பாட்டாகச் சொன்னால் வேலைச் சத்தத்தில் போய்விடும்.

யாருடைய நாக்கு

இப்போது ஸ்பானிஷ்காரரின் நாக்குக்கு வருவோம். 1883 ஜூலையில் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தோட்டத்தின் விலையைத் தீர்மானிப்பதில் ருசி பார்க்கிறவரின் நாக்குக்குப் பெரிய பங்கு. வரிசையாகக் கோப்பை வைத்து, கரண்டியால் அள்ளி உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். அவருக்குப் பிடிக்கவேண்டும். அதற்குப் பின்னால் லண்டனிலோ மொஸ்கோவிலோ பாக்தாதிலோ இருக்கிற குடிக்கிறவருக்குப் பிடிக்கவேண்டும். உயரத்தில் விளைந்த நுவரெலியாத் தேயிலைக்கு இளம் நிறம், மெல்லிய வாசம் என்று எவ்வளவோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பறித்த கையின் வீட்டில் குடித்தது பெரும்பாலும் தூள். லயத்துச் சாயத்தண்ணிக்கு யாரும் ருசிக்குறிப்பு எழுதவில்லை.

'தே' என்ற சொல்லையே பாருங்கள். ஸ்பானிஷின் 'தே'யும், சிங்களத்தின் 'தே'யும், நம்முடைய தேயிலையில் இருக்கிற 'தே'யும் சீனத்தின் தென்கிழக்குக் கரையில் பேசிய ஒரே சொல்லிலிருந்து கப்பலேறிப் புறப்பட்டவை. அதனால் 'உனக்குத் தேத்தண்ணி பிடிக்குமா' என்பது ஸ்பானிஷில் 'தே குஸ்தா எல் தே' என்று வரும். முதல் 'தே' உனக்கு, கடைசி 'தே' தேத்தண்ணி. என் நண்பன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்கு அதில் வேறொன்று தோன்றியது. அந்த வாக்கியத்தின் கடைசியில் இருக்கிற 'தே'யை உலகம் முழுக்க அனுப்பினோம். முதலில் இருக்கிற 'தே', அதாவது அந்த 'உனக்கு', எங்கள் ஆட்களை நோக்கி வரவே இல்லை.

பிடிக்கல என்று சொன்னவர்கள்

இந்தக் கேள்வி மேலேயிருந்து இரக்கத்தால் வரவில்லை. பதில்தான் முதலில் வந்தது, கேட்காமலே.

1920களில் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி மாதிரித் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார் என்று அவரைப்பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். வெளியாட்கள் உள்ளே வருவது தடுக்கப்பட்ட காலம் அது. 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார். நான் மேலே சொன்ன ஒளித்துவைத்த பாட்டு மேடைக்கு வந்தது இப்படித்தான். மேடைக்கு வந்ததும் அது முறைப்பாடு ஆனது, பிறகு கோரிக்கை ஆனது.

1937இல் ஒரு வேடிக்கையான விஷயம் நடந்தது. மடுல்கலையில் ரெலுகஸ் தோட்டத்தில் தொரை வேலை பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், தொழிலாளரை நடத்துகிற விதம் தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வேலை போனது. மேடையேறிப் பேசினார். ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. ஒரு வெள்ளைக்காரரின் 'பிடிக்கல'வுக்கு நாடே ரெண்டுபட்டது. மூன்று வருஷம் கழித்து, 1940 ஜனவரியில், முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம். அங்கே கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சுட்டு இறந்தார். ரெண்டு பேரும் சொன்னது ஏறத்தாழ ஒன்றுதான். யார் சொன்னது என்பதில்தான் விலை மாறியது.

இது நம் மலைக்கு மட்டுமான கதையும் இல்லை. 'மே குஸ்தா' பேசுகிற கொலம்பியாவில், 1928 டிசம்பரில், அமெரிக்கக் கம்பனி ஒன்றின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சியேனகா என்ற ஊரில் இராணுவம் அவர்களைச் சுட்டது. அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று, கம்பனிக் கடைச் சீட்டுக்குப் பதிலாகக் காசாகச் சம்பளம் வேண்டும் என்பது. நம் துண்டுக்கும் அந்தச் சீட்டுக்கும் தூரம் அதிகமில்லை. 'எனக்கு' என்று பின்னால் நிற்கிற மொழிக்காரர்கள் சாதுவானவர்கள், 'நான்' என்று முன்னால் நிற்கிறவர்கள் துணிந்தவர்கள் என்று யாராவது மொழியியல் சொன்னால் நம்பாதீர்கள். 'பிடிக்கல' என்பதற்கு எழுவாய் தேவையில்லை, எழுந்து நிற்க ஆள்தான் தேவை.

எந்த நாடு பிடிக்கும்?

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருஷமே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேர் என்று கணக்குப் போட்டு, 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சம்பளத்தில் பிடித்த மாதிரியே, சனத்திலும் பிடித்தம்.

எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பிக்கச் சொன்னார்கள்தான். ஆனால் இலங்கைக் குடியுரிமைக்கு வந்த விண்ணப்பங்கள் ஒப்பந்தம் ஒதுக்கிய எண்ணிக்கையைவிட அதிகம். இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கையைவிடக் குறைவாகத்தான் அங்கே கேட்டார்கள். அதாவது மக்கள் தெளிவாகவே பதில் சொன்னார்கள், இந்த மலைதான் பிடிச்சிருக்கு என்று. கணக்கு முன்னமே முடிந்திருந்தது. தலைமன்னார் கப்பலுக்குப் போக ரயிலேறிய குடும்பங்களைப் பற்றி எங்கள் வீடுகளில் எல்லாம் ஒரு கதையாவது இருக்கும். கடைசியாக 2003இல் வந்த சட்டத்தோடுதான் நாடற்றோர் பிரச்சினை பெருமளவு முடிந்தது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருஷம். 'இங்கே இருக்கப் பிடிக்கும்' என்ற ஒரு வாக்கியத்தை அரசாங்கம் கேட்க எடுத்த காலம் அது.

சின்னச் சின்ன வெற்றிகளும் உண்டு. ஒரே நாள் வேலைக்குப் பெண்களுக்குக் குறைவாக இருந்த சம்பளம் 1984இல் சமமானது. 2018இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு இளைஞர்கள் கறுப்பு உடுத்துக் காலிமுகத்திடலில் கூடினார்கள். 2021இல் அது வர்த்தமானியில் வந்தது. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்தப் பழைய பாதையில் நடந்தார்கள். முதல் தடவை அந்தப் பாதையில் நடந்தவர்கள் பிடிக்கப்பட்டவர்கள். இந்தத் தடவை நடந்தவர்கள், நடக்கப் பிடித்து நடந்தவர்கள்.

என்றாலும் இன்றைக்கும் பாருங்கள். காணி, ஒரு வீட்டுத் திட்டம் என்று வரும்போது யாரோ வரைந்த படம் வரும். எங்கே கட்டுவது, எத்தனை அறை, குசினி எந்தப் பக்கம், தோட்டம் செய்ய இடம் வேண்டுமா என்று வீட்டில் இருக்கப்போகிற அம்மாவிடம் கேட்பதில்லை. பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனால் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோட்ட வேலை பிடிக்கல' என்று ஒரு குறையாகச் சொல்கிறார்கள். நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. அந்த வாக்கியத்தை ஜெயிலுக்குப் போகாமல், கடன் துண்டு இல்லாமல், பாட்டுக்குள் ஒளிக்காமல் சொல்ல முடிகிற முதல் தலைமுறைகளில் நாங்களும் ஒன்று. அதே மாதிரி, நல்ல சம்பளமும் காணியும் மரியாதையும் இருந்தால் தேயிலை வேலை பிடிக்கும் என்று சொல்கிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

ஸ்பானிஷில் இன்னும் ரெண்டு சின்ன வார்த்தை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் எனக்குப் பிடிக்கும் என்றால் 'ஆ மீ தம்பியேன்', எனக்கும். பிடிக்காது என்றால் 'ஆ மீ தம்போக்கோ', எனக்கும் பிடிக்காது. நமக்கு ரெண்டுக்கும் அந்த 'உம்' ஒன்றே போதும். நடேசய்யரின் கூட்டத்திலும் முல்லோயாவிலும் காலிமுகத்திடலிலும் நடந்தது அந்த 'உம்' சேர்ந்ததுதான். எனக்கும், எனக்கும் என்று சேரச்சேர 'மே' என்பது 'நோஸ்' ஆகும், 'எனக்கு' என்பது 'எங்களுக்கு' ஆகும். தனியாகச் சொன்ன 'பிடிக்கல' பத்துச்சீட்டோடு போய்விட்டது. சேர்ந்து சொன்ன 'எங்களுக்குப் பிடிக்கல'தான் சட்டப் புத்தகம்வரைக்கும் போனது.